நாட்பட்ட வலியும் மனப்பாங்கும்

நெசவுக்கும் பயிர்த்தொழிலுக்கும் முதல் எவை என்று கேட்டால், நூல், சாயம், விதை, எரு, கடன் என்று நாம் அடுக்குவோம். இவை யாவற்றுக்கும் முந்திய முதல் ஒன்று உண்டு. அஃது உழைப்பவரின் உடல். அந்த முதல் எந்தச் சங்கத்தின் ஐந்தொகையிலும் இடம் பெறுவதில்லை. ஆயினும் அது தேயும்போது ஐந்தொகையின் எல்லா இனங்களும் கூடவே தேய்கின்றன.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் சங்கங்களைப் பார்வையிட்டு வருகையில், கூலிப் பதிவேட்டிலும் கடன் பதிவேட்டிலும் ஒரே வகையான செய்தியை நாம் அடிக்கடி காண்கிறோம். ஒழுங்காகப் பாவு வாங்கித் துணியைத் திருப்பிக் கொடுத்து வந்த உறுப்பினர் ஒருவர் சில மாதங்களாகப் பாவு வாங்கவில்லை. தவணை தவறாத நாணயஸ்தரான குடியானவர் ஒருவர் இரண்டு தவணைகளைத் தவறவிட்டிருக்கிறார். காரணம் கேட்டால் இடுப்பு வலி, தோள்பட்டை வலி, முழங்கால் வலி என்று விடை வருகிறது.

வலி வந்தது வியப்பன்று. குழித்தறியில் நாள் முழுவதும் மிதிப்பலகையை மிதித்துக்கொண்டே நாடாவை ஓட்டுபவருக்கும், ரோஜாத் தோட்டத்தில் குனிந்தபடியே பூக் கொய்பவருக்கும், தக்காளிக் கூடை சுமப்பவருக்கும், தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் நின்று இயந்திரத்தோடு உழைப்பவருக்கும் வலி வருவது இயல்பே. வியப்புக்குரியது வேறொன்று. ஒரே தொழில், ஒரே வயது, ஏறக்குறைய ஒரே அளவான தாக்குதல் உடைய இருவரில் ஒருவர் ஆறு வாரத்தில் தறிக்குத் திரும்புகிறார். மற்றவர் ஆறு மாதமாகியும் திரும்பவில்லை. இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

உடலின் பழுது ஒன்றே வலியின் அளவைத் தீர்மானிப்பதில்லை. வலியைக் குறித்த கவலையும் அச்சமும், அவற்றை வளர்க்கவோ தணிக்கவோ செய்கின்ற மனப்பாங்கும் அதில் பங்கு கொள்கின்றன. மனப்பாங்கு ஒருவருடைய குற்றமன்று. அச்சமோ மாற்றத்தக்கது. அதை மாற்றுவதில் மருத்துவருக்கு மட்டுமன்றி, வீட்டாருக்கும் சங்கத்துக்கும் பங்கு உண்டு. இதனை உறுப்பினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாட்பட்ட வலி எது?

அடுப்பில் கை சுட்டால் உடனே வலிக்கிறது, கையை இழுத்துக்கொள்கிறோம். இந்த வலி நமக்கு நண்பன். அது காவற்காரனைப் போல் எச்சரித்துவிட்டு, புண் ஆறியதும் விலகிவிடும். மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிக்கின்ற வலியை, அல்லது விட்டுவிட்டுத் திரும்பவும் வருகின்ற வலியை, நாட்பட்ட வலி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு வரையறுத்துள்ளது. 2022 ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த அவ்வகைப்பாட்டின் 11 ஆம் பதிப்பில் நாட்பட்ட வலிக்கெனத் தனி இடமே ஒதுக்கப்பட்டது.

இது சிலருக்கு மட்டும் உரிய துன்பமன்று. 2020 ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் கீழ்முதுகு வலியால் வருந்தினர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. மனிதரைச் செயலிழக்கச் செய்யும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் பெறுவது கீழ்முதுகு வலியே.

வலியை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் 2020 ஆம் ஆண்டில் வலிக்குரிய இலக்கணத்தைத் திருத்தி அமைத்தது. வலி என்பது உடலுணர்ச்சி மட்டுமன்று, உள்ளத்தின் அனுபவமும் ஆகும் என்பதும், திசுவில் சேதம் உள்ளபோது மட்டுமன்றிச் சேதம் உள்ளதைப் போன்ற உணர்ச்சியாகவும் அது தோன்றலாம் என்பதும் அவ்விலக்கணத்தின் சாரம். நம் மக்களுக்கு இது புதிதன்று. நம் எல்லைப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்குகின்றன. தமிழிலும் கன்னடத்திலும் நோவு என்பதும், தெலுங்கில் நொப்பி என்பதும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். கால் நோகிறது என்று சொல்லும் நாமே, ஒருவர் சொன்ன சொல்லால் மனம் நொந்தது என்றும் சொல்கிறோம். உடலின் துன்பத்துக்கும் உள்ளத்தின் துன்பத்துக்கும் ஒரே சொல்லை வழங்கிய நம் முன்னோர் அவ்விரண்டின் உறவை உணர்ந்தே இருந்தனர் எனலாம்.

கதவும் காவல் நாயும்

இரண்டாம் உலகப் போரில், 1944 இல், இத்தாலி நாட்டு ஆன்சியோ கடற்கரையில் கடும் போர் நடந்தது. அப்போர்க்களத்தில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மருத்துவர், பெருங்காயமுற்ற வீரரிடம் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டு வந்தார். ஏறக்குறைய முக்கால் பங்கினர் வேண்டா என்றனர். பின்னர் இதனை 1946 இல் அவர் எழுதி வெளியிட்டார். அவர் கூறிய விளக்கம் நாம் சிந்திக்கத்தக்கது. போர்வீரனுக்குக் காயம் என்பது களத்திலிருந்து உயிருடன் வீடு திரும்பும் அனுமதிச் சீட்டு. வீட்டில் உழைத்துப் பிழைக்கும் மனிதனுக்கோ காயம் என்பது வருமானம் போவதன் தொடக்கம். காயத்தின் பொருள் மாறும்போது வலியின் அளவும் மாறுகிறது.

இதற்கான உடலியல் விளக்கத்தை 1965 இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள் வெளியிட்டனர். உடம்பிலிருந்து நரம்பு வழியே புறப்படும் செய்தி நேராக மூளைக்குச் சென்றுவிடுவதில்லை. தண்டுவடத்தில் அதற்கு ஒரு கதவு போன்ற அமைப்பு உள்ளது. மூளையிலிருந்து கீழிறங்கும் கட்டளைகள் அக்கதவைத் திறக்கவும் செய்யும், சாத்தவும் செய்யும். அச்சமும் கவலையும் வலியையே உற்றுக் கவனிப்பதும் கதவை அகலத் திறக்கின்றன. நம்பிக்கையும் அமைதியும் வேறொரு வேலையில் கருத்தூன்றுவதும் அதனைச் சாத்துகின்றன. அவ்வறிஞர் வகுத்த விவரங்களிற் சில பின்னர்த் திருத்தப்பட்டன. எனினும் அடிப்படைக் கருத்து நிலைத்து நிற்கிறது.

நாட்பட்ட வலியில் இன்னொன்றும் நிகழ்கிறது. மாந்தோப்பு உடையவர்கள் இதை எளிதில் அறிவர். தோப்பில் ஒருமுறை திருட்டுப் போய்விட்டால், காவல் நாய் அதன்பின் சருகு அசைந்தாலும் குரைக்கிறது. திருடன் போய் மாதங்கள் ஆகியிருக்கலாம். நாய் மட்டும் உறங்குவதில்லை. அவ்வண்ணமே, தொடக்கத்தில் உண்டான பிடிப்போ சுளுக்கோ ஆறிய பின்னும், நரம்பு மண்டலம் விழிப்பு நிலையிலேயே நின்றுவிடுவது உண்டு. சிறு தொடுகையும் சிறு குனிவும் பெரு வலியாகத் தெரிகின்றன. நாய் குரைப்பது பொய்யன்று. குரைப்பு நம் செவியில் விழுகிறது. வலியும் அத்தகையதே. அது கற்பனையோ நடிப்போ அன்று.

அச்சத்தின் வட்டம்

வலி கண்டவர் இருவரில் ஒருவர், "இது வரும், போகும்" என்று எண்ணி, மெல்ல மெல்லத் தம் வேலைக்குத் திரும்புகிறார். மற்றவருக்கு, "தண்டு முறிந்துவிட்டது போலும், இனித் தறியில் உட்கார்ந்தால் கால் விழுந்துவிடும்" என்னும் எண்ணம் எழுகிறது. அவ்வெண்ணத்தால் அச்சம் மிகுகிறது. அச்சத்தால் குனிவதையும் நடப்பதையும் தவிர்க்கிறார். தவிர்க்கத் தவிர்க்கத் தசைகள் வலுவிழக்கின்றன. வலுவிழந்த உடல் சிறு வேலைக்கும் வலிக்கிறது. "நான் அஞ்சியது உண்மையாயிற்று" என்று அவர் முடிவு கட்டுகிறார். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோகன் விளையன், சுவீடனில் பணியாற்றிய ஸ்டீவன் லிண்டன் என்னும் உளவியல் அறிஞர்கள் 2000 ஆம் ஆண்டில் இவ்வட்டத்தை விளக்கி எழுதினர்.

வலியைப் பேரிடராகக் காணும் இவ்வழக்கத்தை அளந்தறிய 1995 இல் மைக்கேல் சல்லிவன் என்பாரும் அவருடைய தோழரும் 13 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். அவர்கள் கண்ட கூறுகள் மூன்று: வலியையே திரும்பத் திரும்ப நினைத்தல், உள்ளதை மிகைப்படுத்தி அஞ்சுதல், தம்மால் ஒன்றும் இயலாது என்று சோர்தல். இம்மூன்றும் மிகுந்தவருக்கு வலியும் கவலையும் மிகுதி என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் புலனாகியுள்ளது.

படுக்கையே மருந்து என்னும் நம்பிக்கையும் இவ்வட்டத்துக்கு வலுவூட்டுகிறது. 1986 இல் அமெரிக்காவில் முதுகுவலிக்காரர் 203 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், ஒரு சாராருக்கு இரண்டு நாள் ஓய்வும் மற்றொரு சாராருக்கு ஏழு நாள் ஓய்வும் கூறப்பட்டன. ஏழு நாள் ஓய்வு கூறப்பட்டவர்க்கு அதனால் கூடுதல் நன்மை ஏதும் விளையவில்லை. இரண்டு நாள் ஓய்வு கூறப்பட்டவரே விரைவில் வேலைக்குத் திரும்பினர்.

எம்.ஆர்.ஐ. படமும் சிலரை அச்சுறுத்துகிறது. "தட்டுத் தேய்ந்திருக்கிறது" என்னும் ஒரு வரியைக் கண்டு தொழிலையே கைவிட்டவர் உண்டு. வலி ஏதும் இல்லாத மக்களின் முதுகெலும்புப் படங்களை ஆராய்ந்த செய்திகள் 2015 இல் தொகுக்கப்பட்டன. 20 வயதினரிலேயே நூற்றுக்கு 37 பேருக்கும், 80 வயதினரில் நூற்றுக்கு 96 பேருக்கும் தட்டுத் தேய்மானம் காணப்பட்டது. தலைமுடி நரைப்பதைப் போல, தேய்மானம் பெரும்பாலும் வயதின் அடையாளம். படத்தில் தேய்மானம் தெரிவதனாலேயே உழைக்கும் வாழ்வு முடிந்துவிட்டதாகப் பொருளன்று.

மனப்பாங்கின் பங்கு

நிற்க. எல்லோரும் ஒரே வலிக்கு ஒரே அளவில் அஞ்சாதது ஏன் என்பதை இனிப் பார்ப்போம். வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றின் மிகுதி குறைவைக் கொண்டு மனிதரின் தேகத்தையும் சுபாவத்தையும் பிரித்தறிவது சித்த மருத்துவ மரபு. கிரேக்கரும் இதுபோன்று நான்கு வகை கூறினர். தற்கால உளவியலில், லண்டனில் பணிபுரிந்த ஹான்ஸ் ஐசங்க் என்பார் 1947 இல் மனப்பாங்கின் அளவைகளை வகுத்து நூல் வெளியிட்டார். எளிதில் கலங்கும் இயல்பு என்பது அவற்றுள் ஒன்று. இவ்வியல்பு மிகுந்தவர் எந்த இடையூற்றிலும் விரைவில் கவலையுறுவர். அமைதி அடைய நேரமும் அதிகமாகும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் குளோனிஞ்சர் 1993 இல் தோழருடன் வெளியிட்ட முறை இன்னும் விரிவானது. மனிதரின் மனப்பாங்கில் அவர் ஏழு கூறுகளைக் கண்டார். பிறவியோடு பெரிதும் ஒட்டியவை நான்கு: புதுமையை நாடுதல், தீங்குக்கு அஞ்சி ஒதுங்குதல், பிறர் பாராட்டைச் சார்ந்திருத்தல், விடாப்பிடி. வாழ்க்கையில் வளர்வன மூன்று: தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் ஆற்றல், பிறரோடு ஒத்துழைத்தல், தன்னலம் கடந்த நோக்கு. மனிதப் பண்பின் முதிர்ச்சியை அளக்கும் மூன்று கோல்களில் ஒத்துழைப்பு ஒன்றாக இருப்பதைக் கூட்டுறவாளராகிய நாம் கவனிக்காமல் இருக்க முடியாது.

இந்த அளவையைக் கொண்டு நாட்பட்ட வலியுடையோரை ஆராய்ந்தபோது, தீங்குக்கு அஞ்சி ஒதுங்கும் கூறு அவர்களிடம் மிகுந்தும், தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் ஆற்றல் குறைந்தும் இருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்தது. அஞ்சும் இயல்பும், "என்னால் ஆவது ஒன்றுமில்லை" என்னும் எண்ணமும் கூடும் இடத்தில் கவலை வேரூன்றுகிறது என்பது இதன் பொருள்.

அஞ்சும் இயல்பு மட்டுமே ஆபத்தானது என்றும் கருதலாகாது. இதற்கு நேர்மாறானவரும் நம்மிடையே உண்டு. திருவிழாவுக்கு முன் பாவை முடித்தே தீருவது என்று, இடுப்பு கடுத்தாலும் எழாமல் நெய்பவர் இவர். முடித்த மறுநாள் படுக்கையில் விழுந்து நான்கு நாள் எழுவதில்லை. எழுந்தவுடன் விட்டதைப் பிடிக்க மீண்டும் அளவு மீறி உழைக்கிறார். இவர் வலிக்கு அஞ்சவில்லை. வேலை நிற்பதற்கும் பிறர் இகழ்வதற்கும் அஞ்சுகிறார். மிகுதியாய் ஒதுங்குவதும் மிகுதியாய்த் தாங்குவதும் ஆகிய இரு வழிகளும் வலியை நாட்படச் செய்வதிலேயே முடிகின்றன.

பழி கூறலாகாது

இவ்வாராய்ச்சிகளைக் கேட்டு, "அப்படியானால் அவன் வலிக்கு அவன் சுபாவமே காரணம்" என்று ஒருவர் சொல்வாராயின், அது முற்றிலும் தவறான முடிவாகும். அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, மனப்பாங்கில் ஏறக்குறையப் பாதி மரபு வழியே வருவதாக இரட்டையரை வைத்து நடத்திய ஆய்வுகள் காட்டுகின்றன. தன் உயரத்தை ஒருவன் தேர்ந்தெடுப்பதில்லை, அதுபோன்றதே இதுவும்.

இரண்டாவது, நெடுநாள் வலியே மனப்பாங்கைக் குலைத்துவிடும். கழுத்து வலியால் நெடுநாள் வருந்திய சிலரை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து 1997 இல் வெளியிட்டனர். அவர்களுள் சிகிச்சையால் வலி நீங்கியவரின் மனத்துயரமும் கூடவே நீங்கிவிட்டது. வலி தீராதவரின் மனத்துயரம் தீரவில்லை. ஆகவே, வலி உடையவர் கவலையோடு காணப்படுவதைக் கொண்டு, கவலைதான் முதலில் வந்தது என்று தீர்ப்புக் கூற நமக்கு உரிமை இல்லை.

மூன்றாவது, முன்னெச்சரிக்கையுள்ள மனிதர் சங்கத்துக்குப் பெருஞ்செல்வம். ரோஜா இலையில் நோயின் முதற்புள்ளியைக் காண்பவர் அவர். கணக்கில் ஒரு ரூபாய் பிசகினால் கேட்பவரும் அவர். அவ்வியல்பைப் போற்றி, அது வலியின்பக்கம் திரும்பும்போது மட்டும் வழிகாட்டுவதே முறை.

பெங்களூரில் கண்ட உண்மை

ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனத்தை நம்மவர் நிம்ஹான்ஸ் என்றே அறிவர். 1974 இல் இப்பெயர் பெற்ற அந்நிறுவனத்தில், புறநோயாளர் 80 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி ஒன்றை ரகுராம், சன்னபசவண்ணா முதலியோர் 1996 இல் வெளியிட்டனர். மனச்சோர்வைப் பற்றி வெளியே சொல்வதை அந்நோயாளர் இழிவாகக் கருதினர். உடல் வலியைச் சொல்வதில் அவ்வளவு இழிவு தோன்றவில்லை. மனத்துயரம் உடையவன் என்றால் பெண் கொடுக்க மாட்டார்; உடல் நோவு உடையவன் என்றால் நலம் விசாரிப்பர். ஆதலால் நம் நாட்டில் கவலை பல நேரங்களில் வலி என்னும் பெயரிலேயே மருத்துவரிடம் வருகிறது.

நம் எல்லைப் பகுதிக்கு இவ்வுண்மை நன்கு பொருந்தும். ஒரே வீட்டில் தந்தை தறியில் இருக்கிறார். மகன் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. மருமகள் பூந்தோட்டத்துக்குப் போகிறார். விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும் என்று மகன் வலியை மறைக்கிறார். கடனை நினைத்து உறங்காத தந்தை, தம் கவலையைச் சொல்லாமல் முதுகு வலியை மட்டும் சொல்கிறார். ஒருவர் வலியை மறைக்கிறார். மற்றவர் கவலையை மறைக்கிறார். இருவருக்கும் உரிய உதவி கிட்டுவதில்லை. ஊர் ஊராகச் சென்று படம் எடுப்பதிலும் ஊசி போடுவதிலும் பொருள் கரைகிறது. தாமாகவே வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகள் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கின்றன.

வேலை செய்யும் இடத்தின் சூழ்நிலையும் இதில் கலந்திருக்கிறது. அமெரிக்காவில் போயிங் விமானத் தொழிற்சாலையின் 3,020 தொழிலாளரை நான்காண்டுக் காலம் கவனித்து 1991 இல் முடிவு வெளியிட்டனர். தம் வேலையில் ஏறக்குறைய ஒருபோதும் மகிழ்ச்சி காணாதவர், மற்றவரைவிட இரண்டரை மடங்கு மிகுதியாக முதுகுவலியால் முறையிட்டனர். எனவே உழைக்குமிடத்தில் ஒருவரை ஒருவர் மதித்து நடத்துவதும் முதுகைக் காக்கும் வழிகளில் ஒன்றாகிறது.

சங்கமும் வீட்டாரும் செய்யத்தக்கவை

வள்ளுவர் தம் நூலில் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு உறுப்பாக வகுத்துள்ளார். நோயாளியும் மருத்துவரும் மருந்தும் மட்டுமன்றி, உடனிருந்து பேணுபவரும் அதில் ஓர் உறுப்பு. அந்நான்காம் இடம் வீட்டாருக்கும் சங்கத்துக்கும் உரியது. நடைமுறையில் செய்யத்தக்கவற்றைக் கீழே கூறுகிறோம்.

1. சொல்லைக் காத்தல். "சோம்பேறி", "பாசாங்கு" என்னும் சொற்களைச் சங்க வாயிலில் வழங்கலாகாது. "இனி உன்னால் நெய்ய முடியாது, பேசாமல் படுத்துக்கொள்" என்று அன்பினால் சொல்வதும் தீங்கே. "வலி உண்மை, மெல்ல மெல்லத் தொடங்கலாம்" என்பதே நற்சொல்.

2. அளவிட்டு உழைத்தல். வலி வந்த பின் நிறுத்துவதைவிட, மணி பார்த்து நிறுத்துவது மேல் என்று வில்பர்ட் ஃபோர்டைஸ் என்னும் அமெரிக்க உளவியலார் 1976 இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். இருபது நிமிடம் வலி மிகாமல் நெய்யக்கூடியவர், பதினைந்து நிமிடத்திலேயே எழுந்து சிறிது நடக்க வேண்டும். வாரந்தோறும் சில நிமிடங்களைக் கூட்டலாம். வலி குறைந்த நாளில் அளவை மீறவும் கூடாது. மிகுந்த நாளில் முற்றிலும் விடவும் கூடாது. அஞ்சுபவருக்கு இது துணிவூட்டும். அளவு மீறுபவருக்கு இது கடிவாளமாகும்.

3. வேலையை மாற்றித் தருதல். திரும்பி வரும் நெசவாளருக்கு நீளம் குறைந்த பாவு தரலாம். தார் சுற்றும் வேலையைச் சில வாரம் கலந்து தரலாம். தோட்டத்தில் பெருங்கூடை ஒன்றுக்குப் பதில் சிறு கூடை இரண்டு வைத்துக்கொள்ளலாம்.

4. கடனைப் பற்றி முன்கூட்டியே பேசுதல். தவணை தவறிய பின் அறிவிப்பு அனுப்புவதைவிட, நோயுற்ற செய்தி தெரிந்தவுடன் தவணையை மாற்றி அமைக்க முடியுமா என்று நிர்வாகக் குழு ஆராய்வது நன்று. கடன் கவலை தணிந்தால் அவ்வளவுக்கு வலியின் கவலையும் தணியும்.

5. அருகிலுள்ள உதவியை நாடுதல். மக்களைத் தேடி மருத்துவம் என்னும் மாநிலத் திட்டம் 2021 ஆகஸ்டு 5 ஆம் நாள் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலேதான் தொடங்கி வைக்கப்பட்டது. இயன்முறைச் சிகிச்சையை வீட்டிலேயே அளிப்பது அதன் பணிகளில் ஒன்று. உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் இதனை விசாரியுங்கள். கவலை மிகுந்து உறக்கம் கெட்டவர்கள், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில் 14416 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.

6. வீண் செலவைத் தவிர்த்தல். குறிப்பிட்ட நோய்க் காரணம் காணப்படாத நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வலியைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் உளவியல் சிகிச்சை ஆகியவற்றை அது ஏற்றுக் கூறுகிறது. இடுப்புப் பட்டையையும், இடுப்பை இழுத்துக் கட்டும் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டா என்கிறது.

ஓர் எச்சரிக்கை

மேலே கூறியவற்றைக் கொண்டு எல்லா வலியையும் கவலை என்று தள்ளிவிடலாகாது. விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, காய்ச்சலோடு கூடிய வலி, காரணமின்றி உடல் இளைத்தல், இரவில் ஓய்விலும் தணியாத வலி, கால் வலுவிழத்தல், மறைவிடம் மரத்துப்போதல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரைக் காண வேண்டும். முதுகெலும்பில் காசநோய் பற்றுவது நம் நாட்டில் இன்றும் உண்டு. உரிய மருந்தால் அது குணமாகும். முதலில் மருத்துவர் பரிசோதிக்கட்டும். அபாயம் இல்லை என்று அவர் கூறிய பின்னரே அச்சத்தைத் தணிக்கும் முயற்சி தொடங்க வேண்டும்.

உறுப்பினர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்தின்போது கூலிப் பதிவேட்டைப் புரட்டி, மூன்று மாதங்களாகப் பாவு வாங்காதவர் யார் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பயிர்க் கடன் சங்கத்தார் தவணை தவறியவர்களின் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். அவர்களில் எவர் வலியால் வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்து, இருவர் நேரில் சென்று காணுங்கள். வசூலைப் பற்றி அன்று பேச வேண்டா. எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எதற்கு அஞ்சுகிறார், இரவில் உறங்குகிறாரா என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டு, அவர் சொல்வதைப் பொறுமையுடன் கேளுங்கள். அவ்விடைகளைக் கொண்டு அவருக்கு எத்தனை கெசப் பாவு தரலாம், தவணையை எந்த மாதத்துக்கு மாற்றலாம் என்று குழு முடிவு செய்யட்டும்.